மூலிகை வழக்கில் முயலின் சாட்சியம்

தை மாதத்தில் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்காகத் தென்பெண்ணைக்கு எழுந்தருளும்பொழுது, மணலூர்பேட்டையில் ஆற்று மணலே கண்ணுக்குத் தெரியாதபடி ஜனங்கள் கூடுகிறார்கள். இத்தகைய திருவிழாக் கூட்டங்களில் கோணிச் சாக்கை விரித்து, வேரும் பட்டையும் இலையும் பரப்பி வைத்துக்கொண்டு தொண்டை கம்மக் கூவி விற்பவர்களை நம் நேயர்களில் பார்க்காதவர் இருக்க முடியாது. அவர்களுடைய சரக்குகளில் சிறுகுறிஞ்சான் இலை ஒன்று. சர்க்கரைக்கொல்லி என்றும் அதற்குப் பெயர் உண்டு. இலையை மென்று துப்பிவிட்டு ஒரு சிட்டிகை சர்க்கரையை நாவில் போட்டால் அது மணலைப் போல் இருக்கும். இனிப்பு அடியோடு போய்விடும். சுற்றி நிற்பவர்கள் பிரமித்துப் போவார்கள். “நாவிலுள்ள சர்க்கரையைக் கொன்ற இலை ரத்தத்திலுள்ள சர்க்கரையைக் கொல்லாதா?” என்று விற்பவர் கேட்பார். கூட்டம் தலையை அசைக்கும், பொட்டலங்கள் கைமாறும்.

கேள்வி சாமர்த்தியமானதுதான். ஆனால் அது கேள்வியேயன்றி ருசுவன்று. நாவில் நடப்பது ஒன்று, ரத்தத்தில் நடப்பது மற்றொன்று. முன்னதைக் கண்டு பின்னதைத் தீர்மானிப்பது, வாதியின் முகம் சாதுவாயிருக்கிறது என்பதற்காக அவனுக்கு டிக்ரி கொடுப்பதைப் போன்றதாகும். நியாயாதிபதி பத்திரம் எங்கே என்று கேட்கக் கடமைப்பட்டவர். மூலிகை விஷயத்தில் அந்தப் பத்திரத்தைக் கேட்கும் வழக்கமே நம்மிடையே அருகிப் போயிருப்பதைப் பற்றித்தான் இன்று எழுத நேர்ந்திருக்கிறது.

விஷயம் அற்பமானதன்று. இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கௌன்ஸிலின் ஆதரவில் நடந்த கணக்கெடுப்பின்படி 2023-ஆம் வருஷம் வெளியான விவரம், நம் தேசத்தில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருப்பதாகக் கூறுகிறது. அவர்களில் பெரும்பாலோர் ஆயுள் முழுவதும் மருந்துக்குச் செலவழிக்க வேண்டியவர்கள். வேலியோரத்தில் படரும் கொடி அவர்களுக்கு உண்மையிலேயே உதவுமானால், அதைப் பரீக்ஷித்து நிலைநாட்டாமலிருப்பது தேசத்துக்குச் செய்யும் துரோகம். அது உதவாதென்றால், அதை நம்பி இன்ஸுலினை நிறுத்திவிடும் ஏழைக் குடியானவனுக்கு உண்மையைச் சொல்லாமலிருப்பது அதனினும் பெரிய துரோகம். இரண்டில் எது என்பதை மேடைப் பிரசங்கத்தினால் தெரிந்துகொள்ள முடியாது.

நம்மவரில் இரு கட்சியினர் இருக்கிறார்கள். ஒரு கட்சியார் ஸித்தர்கள் சொல்லிவிட்ட பிறகு முயலிடம் போய்க் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பார்கள். மற்றொரு கட்சியார் இங்கிலீஷ் புஸ்தகத்தில் அச்சாகாத எதையும் பச்சிலைப் புரட்டு என்று தள்ளுவார்கள். பார்க்கப் போனால் இருவரும் ஒரே குற்றத்தைச் செய்கிறார்கள். சாட்சிகளை அழைக்காமலே தீர்ப்புச் சொல்லுகிறார்கள். 2017-ஆம் வருஷம் டெங்குக் காய்ச்சல் பரவியபோது நிலவேம்புக் குடிநீரைப் பற்றி எழுந்த வாதப் பிரதிவாதத்தைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு பிரபல நடிகர் ஏதோ சொன்னார் என்பதை வைத்துக்கொண்டு, அவரைப் பிடித்தவர்கள் ஒரு பக்கமும் பிடிக்காதவர்கள் மற்றொரு பக்கமும் சேர்ந்துகொண்டார்கள். நிலவேம்பு எந்தப் பக்கம் என்பதைக் கேட்பாரில்லை.

சிறுகுறிஞ்சானுக்கு இவ்விஷயத்தில் ஒரு நீண்ட சரித்திரம் உண்டு. அது நமக்குப் பெருமையும் கொடுக்கிறது, வெட்கத்தையும் கொடுக்கிறது. அன்னிய ஆட்சிக் காலத்தில் உதகமண்டலத்தில் கொயினா ஆராய்ச்சிக்கென்று ஸர்க்கார் நியமித்திருந்த டேவிட் ஹூப்பர் என்ற ரஸாயன நிபுணர், 1887-ஆம் வருஷம் இந்த இலையைப் பகுத்துப் பார்த்து, இனிப்பை மறைக்கும் பொருளுக்கு ஜிம்னிமிக் அமிலம் என்று பெயரிட்டார். மறு வருஷமே அவர் ஆடாதொடை இலையிலிருந்து வாஸிஸின் என்ற சத்தைப் பிரித்தார். இன்று இருமல் மருந்துகளில் சேரும் பிரோம்ஹெக்ஸின் அந்த வாஸிஸினை ஆதாரமாகக் கொண்டு ஐரோப்பாவில் உண்டாக்கப்பட்டதேயாகும். நம் வீட்டுக் கொல்லையிலிருந்த ஆடாதொடை கடல் கடந்து போய், வேறு பெயருடன், விலையோடு திரும்பி வந்தது. கல்கத்தாவில் ஸர் ராம்நாத் சோப்ரா 1928-இலும், மஸ்கர், காயஸ் ஆகிய இருவர் 1930-இலும் சிறுகுறிஞ்சானை ஆராய்ந்து எழுதினார்கள். அதற்கப்புறம் வெகு காலம் பேச்சு மூச்சில்லை.

பெருமைக்குரிய பகுதி 1983-ஆம் வருஷத்தில் வருகிறது. சென்னை ஸர்வகலாசாலையில் ராதா ஷண்முகசுந்தரம், இ. ஆர். பி. ஷண்முகசுந்தரம் முதலானோர் முயல்களைக் கொண்டு நடத்திய பரிசோதனையை அவ்வருஷம் பிரசுரித்தார்கள். ஆலோக்ஸான் என்ற ஒரு ரஸாயனப் பொருள் இருக்கிறது. கணையத்தில் இன்ஸுலினைச் சுரக்கும் அணுக்களை அது தேடிப் பிடித்து அழித்துவிடும். 1943-இல் கிளாஸ்கோ நகரத்து ஆராய்ச்சிக்காரர்கள் இதைக் கண்டறிந்ததும் முயல்களிடத்தில்தான். ஆலோக்ஸான் கொடுத்து நீரிழிவு உண்டாக்கப்பட்ட முயல்களுக்குச் சென்னையில் சிறுகுறிஞ்சான் இலைத் தூளைக் கொடுத்து வந்தார்கள். அவற்றின் ரத்தச் சர்க்கரை கட்டுக்கு வந்தது. அதோடு அவர்கள் நிற்கவில்லை. ஈரல், சிறுநீரகம், தசை இவற்றில் சர்க்கரையை உபயோகப்படுத்தும் என்ஸைம்களின் வேலை எவ்வாறு மாறியது என்பதையும் அளந்தார்கள். நோயினால் ஈரலில் ஏற்பட்டிருந்த கெடுதல்கள் திரும்பிச் சீரானதையும் குறித்தார்கள். திருவிழாக் கடைக்காரரின் கேள்விக்குச் சரியான முறையில் பதில் தேட முற்பட்டவர்கள் இவர்களே.

முயல் எதற்கு என்று கேட்கலாம். அதன் காதோரத்து நரம்பிலிருந்து அடிக்கடி ரத்தம் எடுப்பது சுலபம், சாது, வளர்ப்பதும் கஷ்டமில்லை. ஆனால் நீரிழிவுக்கும் முயலுக்கும் உள்ள சம்பந்தம் இதைவிடப் பழையது. இன்று நம் ஊர் ஆஸ்பத்திரியில் “காலையில் இத்தனை யூனிட், மாலையில் இத்தனை யூனிட்” என்று எழுதிக் கொடுக்கிறார்களே, அந்த யூனிட்டை முதலில் அளந்த படி முயல்தான். 1920-களின் தொடக்கத்தில் டொரண்டோவில் இன்ஸுலின் கண்டுபிடிக்கப்பட்டபோது, 24 மணி நேரம் பட்டினியிருந்த 2 கிலோ எடையுள்ள முயலின் ரத்தச் சர்க்கரையை வலிப்பு வருமளவுக்கு இறக்க எவ்வளவு மருந்து வேண்டுமோ, அதை ஆதாரமாக வைத்தே அளவு நிர்ணயித்தார்கள். பிறகு சர்வதேச மகாநாடு கூடி அதில் மூன்றிலொரு பங்கை யூனிட் என்று வகுத்தது. அனுபவ சித்தமான மருந்துக்கு அளவு கிடையாது என்பதே நம் பச்சிலை வைத்தியத்தின் மீது சொல்லப்படும் முதல் குறை. ஒரு கைப்பிடி என்றால் யாருடைய கை? மழைக்காலத்து இலையா, கோடைக்காலத்து இலையா? மலையில் பறித்ததா, வயலில் பயிரிட்டதா? இந்தக் கேள்விகளுக்கு அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோலை முதலில் தருவது பிராணியின் உடல்.

இவ்வளவு சொன்னதினால், முயல் சொன்னதே வேதம் என்று நாம் கொள்ளுவதாக நினைக்க வேண்டாம். செஷன்ஸ் வழக்குகளில் மாஜிஸ்டிரேட் கோர்ட்டு முதலில் வழக்கைப் பார்த்து மேல் கோர்ட்டுக்குக் கமிட் செய்கிறது. கமிட் செய்வது தண்டனையும் ஆகாது, விடுதலையும் ஆகாது. முயல் பரிசோதனையின் அந்தஸ்து இவ்வளவுதான். முயலுக்கும் மனிதனுக்கும் உடலமைப்பில் பேதங்கள் உள. பெல்லடோனா இலையில் அட்ரோபின் என்ற கொடிய விஷம் இருக்கிறது. நம் ஊர் ஊமத்தையிலும் அந்த இனத்து விஷமே இருக்கிறது. மனிதன் தின்றால் பித்துப் பிடித்துச் சாவான். அநேக முயல்கள் பெல்லடோனா இலையை மேய்ந்துவிட்டுச் சௌக்கியமாகத் துள்ளிக் கொண்டிருக்கும், ஏனென்றால் அந்த விஷத்தைச் சிதைக்கும் என்ஸைம் அவற்றின் ரத்தத்தில் இருக்கிறது. முயல் தின்று பிழைத்தது என்பதை மாத்திரம் நம்பி ஒரு வைத்தியன் அவ்விலையைக் கஷாயம் வைத்தால் என்ன ஆகும்? சிறுகுறிஞ்சானிலேயே வேறொரு வேடிக்கை பாருங்கள்: அதன் அமிலம் மனிதனுடைய நாவில் இனிப்பை மறைக்கிறது, சுண்டெலியின் நாவில் மறைப்பதில்லை.

இதற்கு நேர் மாறான சாட்சியமும் உண்டு. தாலிடோமைட் என்ற தூக்க மருந்தை 1957 முதல் மேல் ஜெர்மனியில் கர்ப்பிணிகளும் உட்கொண்டார்கள். ஆயிரக்கணக்கான குழந்தைகள் கையும் காலும் குறைந்து பிறந்தன. 1961-இல் மருந்தை நிறுத்தினார்கள். மறு வருஷம் சினை முயல்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தபோது முயல் குட்டிகளிலும் அதே விதமான ஊனங்கள் கண்டன. எலிகளிடத்தில் அது தெளிவாகத் தெரியவில்லை. முயலை முன்னமே விசாரித்திருந்தால் அத்தனை குழந்தைகள் பிழைத்திருக்கும். ஆகவே ஒரு சாட்சி எந்த விஷயத்தில் நம்பத்தக்கது, எதில் நம்பத்தகாதது என்பதைத் தெரிந்துகொண்டு குறுக்கு விசாரணை செய்ய வேண்டுமே தவிர, சாட்சியே வேண்டாமென்று கூண்டைப் பூட்டிவிடக் கூடாது. கள்ளக்குறிச்சி ஜில்லாவாசிகளுக்கு இதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. 2024-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். எலி முதலிய சிறு பிராணிகள் அந்த மெத்தனாலை மனிதனைக் காட்டிலும் எளிதில் செரித்துக் கொள்ளுகின்றன. மனிதனைப் போல் கண் இழப்பதில்லை. பிராணி தாங்கியதை மனிதன் தாங்குவான் என்று எண்ணுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் வேண்டாம்.

மாஜிஸ்டிரேட் கோர்ட்டு கமிட் செய்த வழக்கு பிறகு என்ன ஆயிற்று? இங்கேதான் வெட்கத்துக்குரிய பகுதி ஆரம்பமாகிறது. சென்னை ஆராய்ச்சிக்காரர்கள் தங்கள் கடமையில் தவறவில்லை. 1990-இல் அவர்களே மனிதர்களிடம் நடத்திய சோதனைகளை வெளியிட்டார்கள். இன்ஸுலின் போட்டுக் கொள்ளும் 27 நோயாளிகளுக்கு இலைச் சத்தைத் தினம் 400 மில்லிகிராம் கொடுத்ததில், அவர்களுக்கு வேண்டிய இன்ஸுலினின் அளவு குறைந்தது. மாத்திரை சாப்பிடும் 22 பேர் அதே அளவை 18 முதல் 20 மாதம் வரை உட்கொண்டதில், 5 பேர் வழக்கமான மாத்திரையை நிறுத்தும் நிலைக்கு வந்தார்கள். உற்சாகமளிக்கும் முடிவுகள்தான், எனினும் ஆட்கள் கொஞ்சம். யாருக்கு இலை, யாருக்கு வெறும் பொடி என்பது வைத்தியருக்கும் நோயாளிக்கும் தெரியாதபடி, சீட்டுக் குலுக்கிப் போட்டது போல் பிரித்து நடத்தும் கடுமையான முறையில் அவை நடக்கவில்லை. அடுத்தபடியாக ஆயிரக்கணக்கானவர்களை வைத்து அம்முறையில் ஒரு பெரும் சோதனை நடந்திருக்க வேண்டும். முப்பது வருஷங்களுக்கு மேலாகியும், முடிவான தீர்ப்பளிக்கத்தக்க அத்தகைய சோதனை வரவில்லை. வந்தவை குளிகைகள்! ஜிம்னிமா என்று லேபில் ஒட்டி உலகெங்கும் அவை விலையாகின்றன. 2010-இல் இந்த மூலிகையினால் ஈரல் வீங்கிய ஒரு நோயாளியைப் பற்றி அன்னிய நாட்டு வைத்தியப் பத்திரிகை எழுதிற்று. அது ஒரு அபூர்வ நிகழ்ச்சியா, அடிக்கடி நேரக் கூடியதா என்பதைச் சொல்லக் கூட நம்மிடம் கணக்கில்லை.

கீழாநெல்லியின் கதையையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மர்மோட் இனத்து அணில் போன்ற ஒரு பிராணியிடத்தில் மஞ்சட் காமாலைக் கிருமியின் மீது அதன் சத்து வேலை செய்வதாக 1987-இல் வெங்கடேசுவரன், மில்மன், பிளம்பர்க் ஆகியோர் எழுதினார்கள். மறு வருஷம் சென்னை ஸர்வகலாசாலையைச் சேர்ந்த தியாகராஜனும் அவருடைய தோழர்களும் ஹெபடைடிஸ்-பி கிருமியைச் சுமந்திருந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி கொடுத்தார்கள். பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரிடமிருந்து கிருமியின் அடையாளம் மறைந்தது. வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவரிடம்தான் மறைந்தது என்று லண்டன் ‘லான்ஸெட்’ பிரசுரித்தது. தேசமே மகிழ்ந்தது. பின்னர் தாய்லாந்திலும் நியூஸிலாந்திலும் செய்து பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. இதைக் கேட்டு நம்மவர் சிலர் கோபித்துக் கொண்டார்கள். கோபிப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. கிராமத்தில் காமாலைக்கு மருந்து கொடுப்பவரிடம் போகிறவர்களில் பலருக்கு உள்ள காமாலை சில வாரங்களில் தானே தெளியும் வகையைச் சேர்ந்தது. மருந்து தின்றதால் தெளிந்ததா, நாள் ஆனதால் தெளிந்ததா என்பதை அறிய, மருந்து தின்னாதவனையும் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பதைத் தவிர வேறு உபாயம் இல்லை. சென்னையார் அப்படி நிறுத்திப் பார்த்தது அவர்களுக்குக் கௌரவம். அயல் நாட்டார் மறுபடியும் பார்த்தது சாஸ்திரத்தின் முறை. இலைக்கு இலை, ஊருக்கு ஊர் சத்து வேறுபட்டதா என்று மூன்றாம் முறையாகப் பெரிய அளவில் பார்த்திருக்க வேண்டியவர்கள் நாம்.

மகாத்மாவின் பெயரைச் சொல்லி ஆட்சேபிப்பவர்களுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். உயிருள்ள பிராணிகளை அறுத்துச் செய்யும் ஆராய்ச்சியை அவர் கடுமையாக வெறுத்தார் என்பது உண்மை. ஆனால் அவரே 1921-இல் டில்லியில் திப்பியா காலேஜைத் திறந்து வைத்தபோது மேனாட்டு ஸயன்ஸ்காரர்களின் ஆராய்ச்சி ஊக்கத்தைப் புகழ்ந்தார். 1925-இல் கல்கத்தாவில் ஆயுர்வேத வைத்தியர்களின் மத்தியிலேயே நின்று, பழம் பெருமை பேசிக் கொண்டு ஆராயாமலிருக்கிறார்கள் என்று இடித்துரைத்தார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவனுக்கே அவருடைய கருத்து விளங்கும். நம் சட்டமும் அந்த வழியில்தான் போகிறது. 1960-ஆம் வருஷத்துப் பிராணி வதைத் தடைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, தவிர்க்கக்கூடிய இடத்தில் பிராணிப் பரிசோதனையைத் தவிர்க்க வேண்டுமென்றும், செய்யும்போது தயையுடன் செய்ய வேண்டுமென்றும், பெரிய பிராணிகளுக்குப் பதிலாக முயல், எலி, தவளை போன்றவை போதுமானால் அவற்றையே உபயோகிக்க வேண்டுமென்றும் விதிக்கிறது. முயலின் பெயர் சட்டத்திலேயே ஏறியிருக்கிறது, பாவம்! 2023-இல் புது மருந்து விதிகளைத் திருத்தி, உயிரணுக்களை வளர்த்துச் செய்யும் சோதனை முதலிய வேறு முறைகளுக்கும் இடம் கொடுத்தார்கள். அதை வரவேற்கிறோம்.

ஆனால் நம் மனத்தை உறுத்தும் கொடுமை வேறொன்று. பட்டத்துக்காகவும் உத்தியோக உயர்வுக்காகவும் ஏதோ ஒரு இலையை எடுத்து, அதைச் சாராயத்தில் ஊற வைத்து, சில பிராணிகளுக்குப் புகட்டி, ‘பலன் தெரிகிறது, மேலும் ஆராய வேண்டும்’ என்று எழுதி முடித்துவிடும் பழக்கம் நம் காலேஜுகளில் வேரூன்றியிருக்கிறது. மேலும் ஆராய ஒருவரும் வருவதில்லை. உயிரைக் கொடுத்து அந்தப் பிராணி சொன்ன சாட்சியம் அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறது. பலன் தெரியாமற் போனால் அது அச்சேறுவதும் இல்லை. ஆகவே அடுத்த காலேஜில் அதே இலைக்காக இன்னும் சில முயல்கள் மடியும். அஹிம்ஸையின் பெயரால் கண்டிக்கத் தக்கது இதுவே.

சட்டத்தின் மற்றொரு பக்கத்தையும் நம் நேயர்கள் அறிந்திருக்க வேண்டும். 1940-ஆம் வருஷத்து மருந்துச் சட்டத்தில் 1964-இல் ஆயுர்வேத, ஸித்த, யூனானி மருந்துகளுக்கென்று தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டது. அதன் கீழ் ஏற்பட்ட விதிப்படி, சட்டத்தின் அட்டவணையிலுள்ள பழைய நூல்களில் சொல்லியபடியே செய்யும் மருந்துக்கு, அது தீங்கற்றதென்று தனியாக ருசுப்படுத்தாமலே லைஸென்ஸ் பெறலாம். தலைமுறை தலைமுறையாக உண்டு வந்ததே ருசு என்பது இதன் நியாயம். கஷாயமாகச் சில நாள் குடித்ததற்கு அந்த நியாயம் பொருந்தும். நீரிழிவுக்காரன் மற்ற மாத்திரைகளோடு சேர்த்து இருபது வருஷம் சாப்பிடுவதைப் பற்றித் தலைமுறைகளின் அனுபவம் என்ன சொல்லக்கூடும்? அந்த மாத்திரைகள் அக்காலத்தில் இல்லையே!

மணலூர்பேட்டைக்கு மேற்கே கல்வராயன் மலை இருக்கிறது. சிறுகுறிஞ்சான் அங்கே தானாகப் படருகிறது. அதைப் பறித்து, உலர்த்தி, மூட்டை கட்டி இறக்குகிறவர்கள் மலையாளி வகுப்பினர். தேசமெல்லாம் 1947-இல் சுதந்திரம் அடைந்தும், இம்மலை மக்கள் 1976 வரையில் ஜாகீர்தார்களுக்குக் கீழ்ப்படிந்திருந்தார்கள். அவர்கள் அறிந்த இலை ஒரு நாள் பெரிய மருந்தாகுமானால் அவர்களுக்கு என்ன கிடைக்கும்? அகஸ்திய மலையைச் சார்ந்த காணிக்காரர்கள் ஆரோக்கியப்பச்சை என்ற செடியைக் காட்டிக் கொடுத்தார்கள். பாலோடு தாவர ஆராய்ச்சி நிலையத்தார் அதை ஆராய்ந்து, அதன் இலையிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தைச் செய்து, 1995-இல் ஒரு வைத்தியசாலைக்கு உரிமம் கொடுத்தபோது, வருமானத்தில் பாதியைக் காணிக்காரர்களுக்கென்று ஒதுக்கினார்கள். நடைமுறையில் குறைகள் பல இருந்தன. ஆயினும் கொள்கை நேர்மையானது. 2002-ஆம் வருஷத்து உயிர்வளச் சட்டமும் அக்கொள்கையையே ஏற்றது. 2023-இல் வந்த திருத்தமோ, ஏட்டில் எழுதப்பட்ட பாரம்பரிய அறிவை இந்தப் பங்கீட்டுக் கடமையிலிருந்து விலக்கியிருக்கிறது. சிறுகுறிஞ்சான் ஏட்டில் இருக்கிறது. ஆகவே பறித்துக் கொடுப்பவனுக்குக் கூலி மாத்திரமே மிச்சம். அன்னியன் நம் மஞ்சளுக்குப் பேடண்ட் வாங்கியபோது கொதித்தெழுந்து, 1997-இல் அதை ரத்துச் செய்வித்தோம். நம்மவரே நம்மவருக்குச் செய்யும் இதைப் பற்றி ஏன் ஒரு கூட்டமும் கூடவில்லை?

நாம் கோருவது அதிகமன்று. கள்ளக்குறிச்சியில் 2022 முதல் ஸர்க்கார் வைத்தியக் கல்லூரி இருக்கிறது. தாம்பரத்தில் தேசிய ஸித்த நிலையம் 2005 முதல் நடந்து வருகிறது. இவ்விரண்டும் சேர்ந்து சிறுகுறிஞ்சானை எடுத்துக்கொள்ளட்டும். முயலிடம் கேட்க வேண்டியதை 1983-இலேயே கேட்டாகிவிட்டது. அதை மறுபடி தொடங்க வேண்டாம். நீண்ட நாள் உபயோகத்தில் ஈரலுக்கும் கர்ப்பத்துக்கும் தீங்குண்டா என்பதில் ஏதேனும் பாக்கியிருந்தால் அதை மட்டும், குறைந்த பிராணிகளைக் கொண்டு, ஒரே முறை தீர்க்கட்டும். பிறகு நோயாளிகள் வழக்கமாக உட்கொள்ளும் மருந்தை நிறுத்தாமல், போதுமான ஆட்களை வைத்து, இலையையும் வெறும் பொடியையும் கொடுத்துப் பார்க்கட்டும். 2009 முதல் கட்டாயமாயிருக்கும் சோதனைப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிந்துகொண்டு, ஜயித்தாலும் தோற்றாலும் முடிவைத் தமிழில் அச்சிட்டுப் பஞ்சாயத்து ஆபீஸ்களில் ஒட்டட்டும். இலை கொடுத்த மலைவாசிகளுக்குப் பங்கு என்ன என்பதை ஆரம்பத்திலேயே எழுதி வைக்கட்டும். ஸித்த வைத்தியத்தின் பெருமையைப் பற்றித் தீர்மானம் நிறைவேற்றும் ஊழியர்கள், அடுத்த தடவை தங்கள் சட்டசபை அங்கத்தினரைச் சந்திக்கும்போது, இந்தச் சோதனைக்கு வரவு செலவுத் திட்டத்தில் எவ்வளவு தொகை ஒதுக்கப்படுகிறது என்று கேட்டு, அவர் சொல்லும் பதிலை நமக்கு எழுதியனுப்பினால் அதை இப்பத்திரிகையில் பிரசுரிக்கத் தயாராயிருக்கிறோம்.